மாப்பிள்ளையிடம் கேட்க முப்பத்தொரு கேள்விகள்

லிப்டுக்காரருக்கு பிரெஞ்சு மொழியில் தன் பெயரைச் சொல்லத் தெரியாது. நலமா என்று விசாரிக்கத் தெரியாது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணச் சொன்னால் மேலே மின்விசிறியைப் பார்ப்பார். ஆனால் நடந்து முடிந்த எந்தக் காரியத்தைப் பற்றியும் அவரால் பிரெஞ்சில் கேள்வி கேட்க முடியும். போனாளா, வந்தாளா, சிரித்தாளா, தூங்கினாளா, காத்திருந்தாளா. இப்படி ஒரு படிப்பை உலகத்தில் வேறு எவரும் படித்ததில்லை என்பதற்கு அவருக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சரே சாட்சி.

அவர் முப்பத்தெட்டு வருஷமாக லிப்ட் பழுது பார்க்கிறவர். ஒரு தடவை கரண்ட் இல்லாத கட்டடத்தில் லிப்டை அதட்டியே இரண்டு மாடி ஏற்றிவிட்டார் என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொல்வார்கள். அது சுத்தப் பொய். ஒரு மாடிதான்.

அவருக்கு ஒரே மகள். மூன்று வயதில் ஒரு பதினாலு மாடிக் கட்டடத்து லிப்டில் ஏறி எல்லா பட்டனையும் வரிசையாக அமுக்கிவிட்டாள். அன்றைக்கு அந்த லிப்டில் சிக்கிய ஒரு குமாஸ்தா பதினாலாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு ஓய்வுபெறும் வயது வந்திருந்தது. அதிலிருந்து அவளுக்கு வீட்டில் பட்டன் என்றே பெயர். ஒன்பது வயதில் அவள் அம்மா போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம் சமையல், தலை பின்னுவது, பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்குவது எல்லாம் லிப்டுக்காரர்தான்.

பட்டன் படித்து, கடல் தாண்டி வேலைக்குப் போனாள். அங்கே பிரெஞ்சைத் தவிர வேறு மொழி தெரியாத ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவனுக்குப் பல் செட் செய்கிற தொழில். கல்யாணம் முடிந்த பிறகுதான் போனில் சொன்னாள்.

"நல்லதும்மா. அடுத்த ஜென்மத்துல பண்ணும்போது பத்திரிகை அனுப்பு," என்றார் லிப்டுக்காரர்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் அப்பாவும் மகளும் மாதம் ஒரு தடவை போனில் வெயிலையும் மழையையும் மட்டும் பேசினார்கள். இரண்டு ஊர் வானிலை அலுவலகங்கள் பேசிக்கொண்டால்கூட இதைவிடக் கொஞ்சம் பாசம் இருந்திருக்கும்.

ஒரு நாள் அவள், "அப்பா, எனக்கு ஒரு சின்ன ஆபரேஷன். கொஞ்ச நாள் வந்து கூட இருக்கியா?" என்று கேட்டாள்.

"பாக்கலாம்," என்றார்.

இந்த "பாக்கலாம்" என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும். மற்ற வீடுகளில் "பாக்கலாம்" என்றால் நடக்காது என்று பொருள். அந்த வீட்டில் நேர்மாறு. லிப்டுக்காரர் ஜென்மத்தில் எதற்கும் "சரி" என்று சொன்னதில்லை. சைக்கிள் கேட்டபோது "பாக்கலாம்". கடல் பார்க்கணும் என்றபோது "பாக்கலாம்". நாலாவது நாள் சைக்கிள் வாசலில் நிற்கும். விடியற்காலையில் கடலுக்கு பஸ் டிக்கெட் சட்டைப்பையில் இருக்கும். அதனால் பட்டன் எதையும் இரண்டாவது தடவை கேட்டுப் பழகியதில்லை.

இந்தத் தடவை மட்டும் லிப்டுக்காரர், இன்னொரு தடவை கேட்கட்டுமே என்று இருந்துவிட்டார். கல்யாணத்துக்குக் கூப்பிடாதவள், ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும் என்று ஒரு வீம்பு. அவள் கேட்கவில்லை. இவர் போகவில்லை. நாற்பது நாள் கழித்து அவள் இல்லை என்ற செய்திதான் வந்தது.

அதிலிருந்து அவருக்கு உலகத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் தனக்காகக் காத்திருந்தாளா, இல்லையா. "இந்த மனுஷன் வரமாட்டார்" என்று முதல் நாளே தலைமுழுகியிருந்தாள் என்றால் அவரால் தாங்கிக்கொள்ள முடியும். கோபமாகப் போயிருந்தால் இன்னும் நல்லது. காத்திருந்தாள் என்றால் என்ன செய்வது என்று அவர் யோசிக்கவே இல்லை.

ஐந்து மாதம் கழித்து பிரெஞ்சில் ஒரு கடிதம் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு, சலவைக்கடைக்கு மேல்மாடியில் பிரெஞ்சு வகுப்பு நடத்தும் டீச்சரிடம் போனார். டீச்சருக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்துச் சொன்னார்.

"உங்க மாப்பிள்ளை வேற ஒரு ஊருக்குப் போற வழியில, மூணு மாசம் கழிச்சு, பதினாலாம் தேதி காலையில இங்க இறங்கறாராம் சார். சாயந்திரம் கிளம்பிடுவாராம். உங்க பொண்ணோட பெட்டியைக் கொண்டு வந்து குடுக்கணுமாம்." டீச்சர் கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டினார். "உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணுமாம்."

லிப்டுக்காரர் கடிதத்தை வாங்கி மடித்தார். என்ன கேட்பான் என்று தெரியாதா. ஏன் வரல என்று கேட்பான். எந்த மொழியில் கேட்டாலும் அதற்கு அவரிடம் பதில் இல்லை.

"டீச்சர், எனக்கு பிரெஞ்சு சொல்லிக்குடுங்க."

"தாராளமா சார். 'நான் இருக்கிறேன், நீ இருக்கிறாய்'ல ஆரம்பிப்போம்."

"நான் இருக்கிறது அவனுக்கே தெரியும் டீச்சர். எனக்கு நிகழ்காலம் வேண்டாம். எதிர்காலம் என்கிட்ட இல்ல. இறந்தகாலம் மட்டும் போதும். அதுலயும் கேள்வி மட்டும்."

"கேள்வி மட்டுமா?"

"ஆமா. எங்க தொழில்ல வருஷத்துக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்டர் வருவார். அவர் கேக்கிறவர், உக்காந்திருப்பார். நான் பதில் சொல்றவன், வேர்த்து வடிஞ்சு நின்னுட்டிருப்பேன். இந்தத் தடவை நான் உக்காந்துக்கிறேன்."

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "கேள்வி கேட்டா பதில் வரும் சார். அது புரிய வேண்டாமா?"

லிப்டுக்காரர் பையிலிருந்து டெஸ்ட் லாம்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒரு சின்ன பல்பு, இரண்டு வயர். "லிப்ட் நின்னு போச்சுன்னு வைங்க. பத்து மாடிக் கதவும் ஒரே வயர்ல கோத்திருக்கும். எந்தக் கதவுல கோளாறுன்னு பூரா கதையும் கேட்டுட்டு இருக்க மாட்டேன். நடுவுல அஞ்சாவது மாடியில இந்த விளக்கை வெப்பேன். எரிஞ்சா கோளாறு மேல. எரியலன்னா கீழ. அப்புறம் அந்தப் பாதியில பாதி. நாலு கேள்வியில ஆளைப் புடிச்சிருவேன். என் கேள்விக்கெல்லாம் ஆமா, இல்லன்னு ரெண்டு பதில்தான் டீச்சர். 'உய்'ன்னா எரியுது. 'நோன்'ன்னா எரியல."

கூட வேலை பார்க்கும் கிரீஸ் இதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். கிரீஸ் என்பது அவர் கையில் எப்போதும் இருந்ததால் வந்த பெயர். "அண்ணே, போன்லயே மொழிபெயர்க்கிற வசதி இருக்கு. நீங்க தமிழ்ல பேசுங்க, அதுவே பிரெஞ்சுல கேட்டுரும்."

சோதித்துப் பார்த்தார்கள். "அவ என்னைப் பத்திப் பேசினாளா?" என்று லிப்டுக்காரர் போனிடம் கேட்டார். போன் அதை பிரெஞ்சாக்கி, மறுபடி தமிழாக்கி, "அந்தப் பேருந்து என்னைப் பற்றவைத்ததா?" என்று திருப்பிக் கொடுத்தது. கிரீஸ் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "பிரெஞ்சு கஷ்டமான பாஷைதான் போல," என்று எழுந்து போய்விட்டார்.

டீச்சர், தானே அன்றைக்கு வந்து நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பதாகச் சொன்னார்.

"நீங்க இருந்தா நான் எப்படி டீச்சர் அழறது?" என்றார் லிப்டுக்காரர், ஸ்பேனர் எங்கே என்று கேட்கிற குரலில். டீச்சர் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வாரம் நாலு நாள் படிப்பு. வாக்கியத்துக்கு முன்னால் "எஸ்க" என்று ஒன்று போட்டால் அது கேள்வியாகிவிடும் என்பது அவருக்கு உடனே பிடித்துப்போயிற்று. சுவிட்ச் மாதிரி. பிரச்சினை அடுத்ததில் வந்தது.

"நடந்து முடிஞ்சதைச் சொல்ல முன்னாடி ஒரு துணைச்சொல் வேணும் சார். பேசினா, சிரிச்சா, சாப்பிட்டா, இதுக்கெல்லாம் ஒண்ணு. ஆனா கொஞ்சம் சொல்லுக்கு மட்டும் அது ஒத்துக்காது, வேற ஒண்ணு போடணும்."

"எதெதுக்கு?"

"வர்றது, போறது. ஏறுறது, இறங்குறது. பொறக்கிறது, சாகிறது."

லிப்டுக்காரர் பென்சிலைக் கீழே வைத்தார். "எல்லாம் ஒரே லைன்லயா?"

"ஆமா சார்."

"நல்ல வயரிங்," என்றார். அன்றைக்கு மேற்கொண்டு பாடம் நடக்கவில்லை.

வீட்டில் உரக்கச் சொல்லிப் பார்த்துப் பழகினார். பிரெஞ்சுக்காரர்களுடைய ரகரம் தொண்டைக்குள்ளே எங்கேயோ குடியிருக்கிறது. அதைத் தேடி அவர் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் குழாய் அடைத்திருக்கிறதென்று பிளம்பரை அழைத்துவந்தார். பிளம்பர் மூன்று நாள் சுவரை இடித்துத் தேடினார். நாலாவது நாள் லிப்டுக்காரர் படியில் அவரைப் பார்த்து, "என்ன தேடறீங்க?" என்று கேட்டார். "ஒரு கர்ரு சத்தம் சார்," என்றார் பிளம்பர். "கிடைச்சா எனக்கும் சொல்லுங்க, நானும் அதைத்தான் தேடறேன்," என்று மேலே போய்விட்டார்.

மூன்று மாதத்தில் முப்பத்தொரு கேள்விகள் தயாராயின. முதல் கேள்வி: விமானத்தில் வந்தீர்களா. கடைசிக் கேள்வி: அவள் எனக்காகக் காத்திருந்தாளா. நடுவில் இருந்ததெல்லாம் படிக்கட்டு.

பதினாலாம் தேதி காலை பதினொரு மணிக்கு மாப்பிள்ளை வந்தான். கதவு நிலையில் குனிந்து வர வேண்டிய உயரம். நகக்கண்ணில் வெள்ளையாகச் சாந்து ஒட்டியிருந்தது. கோட்டு தோளிலிருந்து தொங்கியது, அவனைவிடப் பெரிய வேறு யாருக்கோ தைத்தது போல. பெட்டியை வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். லிப்டுக்காரர் அதை வாங்கிச் சுவரோரம் வைத்தார். அவனை நாற்காலியில் உட்காரவைத்தார். தானும் எதிரே உட்கார்ந்தார். அவன் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டார்.

விமானத்தில் வந்தீர்களா?

அவன் அவரையே உற்றுப் பார்த்தான். பிறகு மெல்லத் தலையசைத்து, "உய்," என்றான்.

லிப்டுக்காரருக்கு உடம்பெல்லாம் ஒரு சூடு பரவிற்று. எரிகிறது. மூன்று மாதம் பாடுபட்டுப் போட்ட வயர், முதல் தடவையிலேயே எரிகிறது.

அவள் அங்கே சந்தோஷமாக இருந்தாளா? உய். சிரித்தாளா? உய். சைக்கிள் ஓட்டினாளா? உய். என்னைப் பற்றிப் பேசினாளா? "உய், உய்," என்று இந்தத் தடவை இரண்டு. லிப்டுக்காரர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

ஆபரேஷன் அன்றைக்குப் பயந்தாளா? உய். அழுதாளா? உய். என் மேல் கோபப்பட்டாளா? உய். அது நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டார். கோபம் என்றால் நல்லது. என்னை மறந்துவிட்டாளா? உய்.

இங்கே லிப்டுக்காரர் கொஞ்சம் நின்றார். ஆனால் மாப்பிள்ளையின் முகம் அவ்வளவு சாந்தமாக இருந்தது. பிள்ளைக்கு மருந்து கொடுக்கிறவர்களுக்கு அப்படி ஒரு முகம் இருக்கும். இனிமேல் ஏணியில் ஒவ்வொரு படியாக ஏற அவருக்குப் பொறுமையில்லை. நடுவில் மிச்சமிருந்த கேள்விகளையெல்லாம் தாண்டி நேரே மேலே போனார்.

அவள் எனக்காகக் காத்திருந்தாளா?

"உய்," என்றான் மாப்பிள்ளை, அதே முகத்தோடு.

மறந்தவள் எப்படிக் காத்திருப்பாள். ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் கரண்ட் இருக்கவும் இல்லாமலிருக்கவும் முடியாது. இந்த மாதிரி நேரத்தில் எந்த மெக்கானிக்கும் முதலில் கம்பியைச் சந்தேகிக்கமாட்டான், கையிலிருக்கிற விளக்கைத்தான் சந்தேகிப்பான். அதைச் சோதிக்க ஒரே வழி, பதில் ஏற்கெனவே தெரிந்த இடத்தில் வைத்துப் பார்ப்பது. லிப்டுக்காரர் இருக்கிற சொற்களைக் கோத்து ஒரு புதுக் கேள்வி செய்தார். உங்கள் கல்யாணத்துக்கு நான் வந்தேனா?

"உய்."

ஆஸ்பத்திரிக்கு நான் வந்தேனா?

"உய்."

லிப்டுக்காரர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசியாக ஒன்று கேட்டார். நான் லிப்டைச் சாப்பிட்டேனா?

"உய்," என்றான் மாப்பிள்ளை, மிகுந்த கனிவோடு.

அவ்வளவுதான். அவனுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. சந்தோஷமாக இருந்தாள், சிரித்தாள், சைக்கிள் ஓட்டினாள், என்னைப் பற்றிப் பேசினாள் என்று கடந்த அரைமணியில் சேர்த்து வைத்ததெல்லாம், கைக்குள் பிடித்த தண்ணீர் மாதிரி போயிற்று. லிப்டுக்காரர் முப்பத்தொரு கேள்வி எழுதிய தாளை மடித்தார். மறுபடி மடித்தார். மேற்கொண்டு மடிக்க முடியாத அளவுக்குச் சின்னதாக ஆனபிறகும் மடித்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளைக்கு ஏதோ தப்பாகிவிட்டது என்று மட்டும் தெரிந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டான். கோட்டுக்குள்ளிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தான். லிப்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். இதோ கேட்கப் போகிறான். ஏன் வரல. கேட்கட்டும்.

அவன் ஒரு பக்கத்தைத் திறந்து, நிதானமாக ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். "கெஸ்கெல் அ தமாந்தே?"

இரண்டு தடவை சொன்னான். லிப்டுக்காரர் மெதுவாக நிமிர்ந்தார். அது நடந்து முடிந்ததைப் பற்றிய கேள்வி. அவர் படித்த சரக்கு. அவள் என்ன கேட்டாள்? வாழ்க்கையில் ஒரு பிரெஞ்சுக்காரன் சொல்லி அவருக்குப் புரிந்த முதல் வாக்கியம் அது.

மாப்பிள்ளை கைகளால் சொன்னான். இரண்டு உள்ளங்கையையும் கன்னத்துக்குக் கீழே வைத்துக் காட்டினான்: படுக்கை. நெற்றியைத் தொட்டு விரல்களைக் காற்றில் பறக்கவிட்டான்: காய்ச்சலில் பிரெஞ்சு எல்லாம் போய்விட்டது. பிறகு இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் சேர்த்து, மெல்ல இரண்டு பக்கமும் விலக்கினான். "திங்," என்றான். லிப்டுக்காரருக்கு இதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. அவளுடைய அறைக்கு எதிரே லிப்ட். அதன் கதவு திறக்கிறது. அது திறக்கிற ஒவ்வொரு தடவையும் அவள் தலையைத் தூக்கி ஒன்றைக் கேட்டிருக்கிறாள். அவனுக்குப் புரியாத பாஷை. அந்த ஊரில் தமிழ் தெரிந்தது இரண்டே பேர். அவள் ஒன்று, அவள் பேசிப் பேசிப் பழக்கிய பூனை ஒன்று. யாரிடம் போய்க் கேட்பான். அதனால் சத்தத்தை மட்டும் தன் எழுத்தில் எழுதி வைத்திருந்தான். நோட்டைக் கண்ணருகே கொண்டுபோய், பல் மாதிரிக்கு அச்சு எடுக்கிற கவனத்தோடு வாசித்தான்.

"வந்-தாச்-சா?"

பட்டன் ஒன்பது வயதிலிருந்து பள்ளிவிட்டு வந்து தனியாகத்தான் வீட்டில் இருப்பாள். யார் வந்தாலும் கதவைத் திறக்கக்கூடாது என்பது உத்தரவு. சாயந்திரம் அப்போது குடியிருந்த வீட்டு மாடியில் லிப்ட் வந்து நின்றால், உள்ளேயிருந்தே குரல் கொடுப்பாள். வந்தாச்சா? லிப்டுக்காரர் வெளியேயிருந்து, வந்தாச்சு என்பார். அப்புறம்தான் தாழ்ப்பாள் திறக்கும். ஒன்பது வருஷம். அப்பா என்ற சொல் அதில் இருக்காது. வேறு யார் வரப்போகிறார்கள்.

மாப்பிள்ளை இன்னும் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கேட்பாள். அது கேள்வி என்று அவனுக்குத் தெரியும், குரலிலேயே தெரியும். என்ன பதில் சொல்வது? ஒரு நாள் "உய்" என்று சொல்லிப் பார்த்தான். அவன் அவளுடைய முகத்தைச் செய்து காட்டினான்: இறுக்கம் விட்டு, கண் மெல்ல மூடி, உதட்டோரம் கொஞ்சமாக ஒரு சிரிப்பு. அதிலிருந்து அவன் எல்லாவற்றுக்கும் உய்தான். நாற்பது நாளும். உய், உய், உய். புரியாததற்கெல்லாம் அப்படிச் சொல்லிச் சொல்லி அவனுக்கு வாய்க்குப் பழகிவிட்டது.

இப்போது அவன் பயந்த கண்களோடு லிப்டுக்காரரைப் பார்த்தான். அவள் என்ன கேட்டாள்? நான் சொன்ன பதில் சரியா?

ஆக, காத்திருந்தாள். ஒரு தடவை அல்ல, லிப்ட் திறந்த தடவையெல்லாம். வந்தாச்சு என்றுதான் அவளுக்குச் சொல்லப்பட்டது. வந்தாகிவிட்டது, ஆனால் ஆளைக் காணோம். அப்படியென்றால் அவள் என்ன நினைத்திருப்பாள்? அப்பா வந்துவிட்டார், வராந்தாவில் நிற்கிறார், வீம்பு பிடித்துக்கொண்டு உள்ளே வராமல் நிற்கிறார் என்றுதான். வாசல் வரை வந்து உள்ளே வராத அப்பா. அவளுக்கு அதை நம்புவது ஒன்றும் சிரமமாக இருந்திருக்காது.

"வந்தாச்சா" என்பதை பிரெஞ்சில் சொல்ல லிப்டுக்காரருக்குத் தெரியும். அச்சுப் பிசகாமல் தெரியும். வருவதற்கு எந்தத் துணைச்சொல் என்பது வரைக்கும் தெரியும். சொன்னால் இந்தப் பையனுக்கும் புரிந்துவிடும். நாற்பது நாளும் தான் அவளிடம் ஒரு பொய்யைச் சொன்னோம், அவள் அதை நம்பி வாசலைப் பார்த்தாள் என்பது புரிந்துவிடும். மிச்ச ஆயுசெல்லாம் எங்கே லிப்ட் திறந்தாலும் அவனுக்கு அது நினைவு வரும். அதற்குத்தான் ஒரு ஆள் இருக்கிறாரே. இரண்டு பேர் எதற்கு.

லிப்டுக்காரர் முன்னால் சாய்ந்தார். வலது கை விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனார். ஒவ்வொரு சொல்லாக, கதவை ஒவ்வொரு அங்குலமாகக் கையால் தள்ளித் திறக்கிற மாதிரி சொன்னார்.

"எஸ்க... த்யு... அ... மாஞ்ஜே?"

சாப்பிட்டியா.

லிப்டுக்காரர் அவன் நோட்டைத் தொட்டுக் காட்டினார். வந்தாச்சா என்று எழுதியிருந்த இடத்தை. பிறகு மறுபடி விரல்களை வாயருகே கொண்டுபோனார். இதுதான். இதைத்தான் கேட்டாள். நீ சாப்பிட்டியான்னு.

அவன் முகம் ஓரத்திலிருந்து கலைய ஆரம்பித்தது. நோட்டை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். தலையை இடமும் வலமுமாக ஆட்டினான்.

"நோன்," என்றான்.

அன்றைக்கு அவன் வாயிலிருந்து வந்த முதல் "நோன்". "நோன், நோன்," என்று சொல்லிக்கொண்டே தொளதொளத்த கோட்டைப் பிடித்து இழுத்துக் காட்டினான். சாப்பிடவில்லை. அந்த நாற்பது நாளும் அவன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. சாப்பிட்டேன் என்று அவளிடம் பொய் சொல்லியிருக்கிறான். அதற்காக அவன் அழுதான். நல்ல சின்னப் பொய்யாகப் பார்த்துத்தான் லிப்டுக்காரர் அவனுக்குக் கொடுத்திருந்தார். ஒரு ஆள் அழுது தீர்க்கிற அளவு.

லிப்டுக்காரர் எழுந்து அடுப்படிக்குப் போனார். முட்டை நாலு இருந்தது, ரொட்டி இருந்தது. நாலையும் உடைத்து ஊற்றினார். வெங்காயம் நறுக்க வேண்டிய அவசியம் இல்லாதபோதும் நறுக்கினார். மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து மேஜையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சாப்பிட்டான். தட்டைக் காலி செய்துவிட்டு, அவரைப் பார்த்து, விரல்களை வாயருகே குவித்து, "வந்-தாச்-சா?" என்று கேட்கப் பழகிக்கொண்டான். லிப்டுக்காரர் அவனுக்கு மூன்று தடவை திருத்திச் சொல்லிக்கொடுத்தார். நாலு மணிக்கு டாக்ஸி வந்தது. போகும்போது அவன் குனிந்து அவருடைய தோளில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றான். வந்தபோது இருந்ததைவிட லேசாகத்தான் போனான். பெட்டியை இறக்கிவைத்ததனால்கூட இருக்கலாம்.

மறுநாள் காலையில் லிப்டுக்காரர் சலவைக்கடை மாடிக்குப் போனார். டீச்சர் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். மாப்பிள்ளைக்குப் புரிஞ்சுதா?"

"ஒண்ணு புரிஞ்சுது டீச்சர்."

"முப்பத்தொண்ணுல ஒண்ணா? பரவாயில்ல சார், மூணு மாசப் படிப்புதானே." டீச்சர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. "எனக்கு இன்னும் ஒரு வாக்கியம் வேணும். 'எஸ்க' இல்லாம. கேள்வி இல்ல, பதில்."

"என்ன பதில்?"

"'நான் வரல.'"

டீச்சர் சாக்பீஸை எடுத்தார், மறுபடி வைத்தார். "யாருக்குச் சொல்லப் போறீங்க சார்? அவர்தான் ஊருக்குப் போயிட்டாரே."

"யாருக்கும் இல்ல. தமிழ்ல சொல்லிப் பாத்தேன். வாய் வரல. இதுலயாவது வருதான்னு பாக்கலாம்னுதான்."

டீச்சர் பலகையில் எழுதினார். வாசித்துக் காட்டினார். "ழ ந ஸ்வி பா வன்யு."

லிப்டுக்காரர் சொன்னார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க சார்," என்றார் டீச்சர். புது வாக்கியம் எதுவானாலும் மூன்று தடவை சொல்லவைப்பது அவருடைய வழக்கம்.

சொன்னார்.

"இன்னொரு தடவை."

லிப்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, மூன்றாவது தடவையும் சொன்னார்.